மாதம் 1000 ஜிபி 20 நாளில் தீர்ந்தால்: பக்கத்து வீட்டைக் கேட்கும் முன் அளந்து பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியபட்டினத்தில் வீடு. மொட்டை மாடியில் பெட்டி வைத்து 5ஜி சிக்னலில் வரும் இணையம், மாதம் 1000 ஜிபி. பல மாதம் ஒழுங்காக ஓடியது, இப்போது 20 நாளிலேயே தீர்ந்துபோய், மிச்ச 10 நாளும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் திறக்கவே தவம் கிடக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் உம்மா, மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கேட்பவர் துபாயில் வேலை பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டான் என்று உம்மா அடித்துச் சொல்கிறாராம். போய்க் கேட்டுவிடலாமா, அல்லது கம்பெனியே கணக்கைக் கூட்டிப் போடுகிறதா என்பது கேள்வி.

தம்பி, பக்கத்து வீட்டுக்கு இப்போது யாரையும் அனுப்ப வேண்டாம். ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் வீட்டு இணைய வேலையும் கேமரா வேலையும் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி டேட்டா காணாமல் போகிற வீடுகளில் பெரும்பாலும் ஆள் உள்ளேதான் இருக்கிறது, அதுவும் மனிதர் இல்லை, சுவரில் மாட்டிய ஏதோ ஒரு சாமான். சந்தேகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது ராத்திரி உம்மாவுக்கு மூச்சு வாங்கினால் ஓடி வரப்போவதும் அந்தப் பையன்தான். அதனால் முதலில் எண்ணைப் பார்ப்போம்.

1000 ஜிபியை 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 33 ஜிபி. 20 நாளில் தீர்கிறது என்றால் நாளுக்கு 50 ஜிபி போகிறது. முன்பு மாதம் முழுக்க வந்தது, இப்போது வரவில்லை என்றால் தினமும் சுமார் 17 ஜிபி புதிதாக எங்கோ போகிறது. இந்த 17 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், பாதி வேலையை அதுவே செய்துவிடும். வாட்ஸ்அப் செய்தி, பேஸ்புக், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், உம்மா கேட்கிற பயான் ஆடியோ, இதெல்லாம் எவ்வளவு பார்த்தாலும் தினம் 17 ஜிபி ஆகாது. அந்த அளவுக்குப் போக வேண்டுமென்றால் ஒன்று உயர் தரத்தில் வீடியோ நீண்ட நேரம் ஓட வேண்டும், அல்லது ஏதோ ஒன்று சின்ன அளவில், ஆனால் நிற்காமல் ஓட வேண்டும்.

இந்த இரண்டாவதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. 1 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு ஒரு மெகாபிட் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்), வேகம் என்றால் இன்றைக்கு எவருக்கும் ஒரு பொருட்டில்லை, 100 எம்பிபிஎஸ் இணைப்பில் அது ஓடுவதே தெரியாது. ஆனால் அந்த 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி, 24 மணி நேரம் ஓடினால் 10.8 ஜிபி, மாதத்துக்கு 324 ஜிபி. அப்படியானால் உங்கள் 17 ஜிபிக்கு ஒன்றரை எம்பிபிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் மேலே, இரவும் பகலும் ஓடினால் போதும். யாரும் படம் பார்க்க வேண்டாம், யாரும் திருடவும் வேண்டாம். வீட்டில் எல்லாரும் தூங்கும்போதும் அது போய்க்கொண்டே இருக்கும், இணையம் மெதுவாகவும் ஆகாது, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வராது.

சரி, எப்படி அளப்பது. கரண்ட் பில் திடீரென்று கூடினால் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பார்ப்போமே, அதே வேலைதான். கம்பெனி ஆப்பில் காட்டும் எண் சில மணி நேரம் தாமதமாக ஏறலாம், அதை மட்டும் நம்பினால் குழம்பிப் போவீர்கள். ரவுட்டரிலேயே ஒரு கணக்கு இருக்கும். ரவுட்டருக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல. வீட்டு வைஃபையில் இருக்கும் போனின் பிரவுசரில் அதை அடித்து, அதே ஸ்டிக்கரில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டால் உள்ளே போகலாம். சில ரவுட்டர்களுக்குத் தனி ஆப் உண்டு, அதிலும் பார்க்கலாம். உள்ளே ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டாடிஸ்டிக்ஸ் என்ற பக்கத்தில் வேன் (WAN) அல்லது இன்டர்நெட் என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உள்ளே வந்தது, இன்னொன்று வெளியே போனது. மச்சான் பையனோ யாரோ கொஞ்சம் விவரமான பிள்ளையை வைத்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் துபாயில் இருந்தே வாசித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. கரண்ட் போய் வந்தால் பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த எண்கள் சுழியத்துக்குத் திரும்பிவிடும். நம் கடற்கரை ஊர்களில் கரண்ட் கட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரவுட்டருக்கு என்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. இல்லையென்றால் படம் எடுக்கும்போது ரவுட்டர் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற வரியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் அணைந்ததா என்று அதில் தெரிந்துவிடும்.

அளக்க வேண்டிய நேரம் இரவு. பிள்ளைகள் தூங்கி, டிவியை அணைத்து, 11 மணிக்கு ஒரு படம். உம்மா சுபுஹு தொழுகைக்கு எழும்போது அடுத்த படம். நடுவில் ஆறு மணி நேரம் வீட்டில் ஒருவரும் எதையும் தொடவில்லை. போன்கள் தாமாகச் செய்யும் புதுப்பிப்புகளால் கொஞ்சம் ஏறியிருக்கலாம், அது பரவாயில்லை. ஜிபி கணக்கில் ஏறியிருந்தால், இரவுக்கு இரவு அதே அளவில் ஏறினால், தானாக ஓடும் ஏதோ ஒன்று இருக்கிறது. இரவில் ஒன்றுமே ஏறவில்லை என்றால் பகலில் மனிதர்கள் பார்க்கும் வீடியோதான் காரணம், தேட வேண்டிய இடமே வேறாகிவிடும். இதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: முதல் இரவு நீங்கள் துபாயில் இருந்து வீட்டுக் கேமராவைத் திறக்கக் கூடாது. அடுத்த இரவு வழக்கம்போல் பாருங்கள். இரண்டு இரவுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதி வையுங்கள்.

கேமராவை இழுத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் இருக்கிறது. கேள்வியில் போகிற போக்கில் 'நான்கு கேமராவும் வைத்திருக்கிறோம்' என்று எழுதியிருக்கிறீர்கள், எப்போது வைத்தது என்று எழுதவில்லை. டேட்டா தீர ஆரம்பித்ததும் கேமரா வந்ததும் ஒரே மாதமா? கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி பக்கம் சபுராளி வீடுகளில், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில், இதை நான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். ஆம்பிளைகள் வெளியூரில், வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் மட்டும், அதனால் பாதுகாப்புக்குக் கேமரா. வாசல், முற்றம், பின்கொல்லை, மாடிப்படி என்று நான்கு. அங்கே கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டேபை நிறுத்தி வைத்து நாள் முழுக்க வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பன்மார் பலர். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கணக்கு என்னவென்றால், அங்கே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு நொடியும் இங்கே வீட்டு ரவுட்டரில் இருந்து ஏறிப் போகிறது. பதிவிறக்கத்தோடு பதிவேற்றத்தையும் சேர்த்தேதான் பொதுவாக டேட்டாவில் கழிப்பார்கள். நம் மக்கள் டேட்டா என்றாலே இறக்குவது என்றுதான் நினைக்கிறார்கள்.

ஒரு கேமரா மெயின் ஸ்ட்ரீமில், அதாவது முழுத் தெளிவில், 2 எம்பிபிஎஸ் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இது சாதாரண அளவுதான், அதிகத் தெளிவான கேமராக்கள் 4 வரைகூட போகும். நான்கு கேமரா என்றால் 8 எம்பிபிஎஸ், மணிக்கு 3.6 ஜிபி. ஐந்து மணி நேரம் பார்த்தால் 18 ஜிபி. உங்கள் 17-க்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது பாருங்கள். அதையே சப் ஸ்ட்ரீமில், அதாவது குறைந்த தெளிவில், பார்த்தால் ஒரு கேமரா அரை எம்பிபிஎஸ் அல்லது அதற்கும் குறைவு, நான்கும் சேர்ந்து மணிக்கு 0.9 ஜிபிதான். வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அது போதும். ஆப்பில் எச்டி, எஸ்டி என்றோ கிளியர், ஸ்மூத் என்றோ ஒரு பட்டன் இருக்கும், அதை மாற்றுவதற்குக் காசு எதுவும் இல்லை. இன்னொன்று, வெளிநாட்டில் இருக்கும் வேறு உறவினர் யாராவது அதே நேரம் திறந்து வைத்திருந்தால் வீட்டில் இருந்து இரண்டு தனித்தனி ஓட்டமாகப் போகும், செலவு அப்படியே இரட்டிப்பு.

யாருமே பார்க்காதபோதும் போகிறதா என்பது கேமராவின் வகையைப் பொறுத்தது. டிவிஆர் அல்லது என்விஆர் என்ற பதிவுப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்கில் பதிவாகும் கேமராக்கள், உள்ளே மெமரி கார்டில் பதிவாகும் வைஃபை கேமராக்கள், இவை பதிவு செய்வதற்கு இணையத்தைத் தொடுவதில்லை, வெளியில் இருந்து யாராவது திறந்தால்தான் அனுப்பும். கிளவுடில், அதாவது இணையம் வழியாகக் கம்பெனியின் கணினியில், சேமிக்கும் வகை அப்படி இல்லை. அதிலும் இரண்டு விதம் உண்டு, நாள் முழுக்க அனுப்புவது ஒன்று, அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்புவது இன்னொன்று. வாங்கும்போது 'ஒரு மாதம் கிளவுட் இலவசம்' என்று தானாகவே ஆன் ஆகியிருக்கலாம், ஆப்பில் கிளவுட் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான்கு கேமரா தலைக்கு 1 எம்பிபிஎஸ் என்று இரவும் பகலும் கிளவுடுக்குப் போனால் நாளுக்கு 43 ஜிபி. அந்த வேகத்தில் 1000 ஜிபி 23 நாள்தான் தாங்கும், அதில் வீட்டார் பயன்படுத்துவது ஒரு எம்பிகூட இல்லாமலே.

அசைவு தெரிந்தால் மட்டும் என்று வைத்திருக்கிறோமே என்பீர்கள். நம் ஊரில் அசையாதது எது? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்னை மட்டை ஒரு நிமிடம் சும்மா இருக்காது. கொடியில் காயும் துணி, வாசலில் படுத்த நாய், தெருவில் போகும் மீன் வண்டி, எல்லாம் அதற்கு அசைவுதான். இரவில் இன்னும் மோசம். கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் கட்டிய வலை காற்றில் ஆடினால் விடிய விடிய பதிவு. உப்புக் காற்று படிந்து கண்ணாடி மங்கினால் இரவுப் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். புள்ளி நிறைந்த படத்தைச் சுருக்குவது கடினம், அதனால் அளவை நிலையாக வைக்காத கேமராக்கள் அப்போது இன்னும் அதிக டேட்டா அனுப்பும். கடலில் இருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டில்கூட வாரம் ஒரு முறை நனைந்த மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைப்பது நல்லது. அப்புறம், அசைவு பார்க்கும் பகுதியை வாசல்படி மட்டும் என்று கட்டம் போட்டுச் சுருக்குங்கள், மரமும் தெருவும் வெளியே போகட்டும், உணர்திறனையும் ஒரு படி குறையுங்கள். பதிவுப் பெட்டியில் எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறை இருந்தால் எச்.264-இல் இருந்து அதற்கு மாற்றுங்கள், ஏறத்தாழ அதே தெளிவுக்குப் பாதியை ஒட்டிய அளவுதான் போகும்.

கேமராவில் கடைசியாக ஒன்று, இது டேட்டாவைவிடப் பெரிய விஷயம். மாட்டியவர் வைத்துப் போன பாஸ்வேர்டே இன்னும் இருக்கிறதா? 2016-இல் மிராய் என்ற தீய நிரல் உலகம் முழுக்க இப்படித் தொழிற்சாலை பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்து, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களைத் தாக்கியது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களை முகவரியாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவைகூட பல பேருக்குத் திறக்கவில்லை. அப்படிப் பிடிபட்ட பெட்டி உங்கள் டேட்டாவில்தான் அந்த வேலையைச் செய்யும். டேட்டா போனாலும் போகட்டும், வீட்டின் முற்றம் யாரோ ஒருவனுக்குத் தெரியும் நிலைமை வரக்கூடாது. பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றுங்கள், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், ரவுட்டரில் யுபிஎன்பி (சாமான்கள் தாமாகவே வெளி இணையத்துக்கு வழி திறந்துகொள்ளும் வசதி) ஆன் ஆகி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேமரா இல்லை என்று தெரிந்தால் அடுத்தது டிவி. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே சொல்லும் கணக்கு, எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை, 4கே தரத்தில் 7 ஜிபி வரை. யூடியூபும் பெரிய டிவியைக் கண்டால் தானாகவே தரத்தை உயர்த்தும். புதிதாக 4கே டிவி வாங்கினீர்களா? பிள்ளைகள் பார்க்கும் அதே கார்ட்டூன், அதே இரண்டு மணி நேரம், ஆனால் பழைய டிவியில் ஆனதைப்போல் பல மடங்கு ஆகிவிடும். இன்னொரு வழக்கமான சங்கதி, டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக். அதற்குத் தனி அடாப்டரில் கரண்ட் போகும், டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் சில இடங்களில் ஸ்டிக் அணையாமல் அடுத்தடுத்த வீடியோவை ஓட்டிக்கொண்டே இருக்கும், திரை மட்டும் இருட்டு. இரவுச் சோதனையில் கேமரா தப்பித்துவிட்டால் ஸ்டிக்கின் பிளக்கைப் பிடுங்கி அடுத்த இரவு அளந்து பாருங்கள். ஆட்டோபிளேயை எல்லா ஆப்பிலும் அணையுங்கள். நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு புரொபைலுக்கும் டேட்டா அளவைக் குறைக்கும் இடம் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது, அதில் நடுத்தரம் என்று வைத்தால் மணிக்கு 0.7 ஜிபிதான். யூடியூபை டிவியில் அப்படிக் கட்டிப்போடுவது கடினம். ரவுட்டரில் ஒவ்வொரு சாமானுக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் டிவிக்கு மட்டும் 3 எம்பிபிஎஸ் என்று வைத்துவிடுங்கள், வீடியோ தானாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும், பிள்ளைகளோடு சண்டை போட வேண்டாம். அந்த வேகத்தில் மணிக்கு 1.35 ஜிபிக்கு மேல் அதனால் இழுக்கவே முடியாது.

போன், லேப்டாப் விஷயத்தில் அடிப்படையாக ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வைஃபை என்றால் அளவில்லாதது என்று நினைத்துத்தான் இந்தச் சாமான்கள் எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றன. சிம் டேட்டாவில் இருக்கும்வரை அடங்கி இருக்கும் போன், வைஃபை கிடைத்த உடனே படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும், ஆப்களைப் புதுப்பிக்கும், வாட்ஸ்அப் காப்புப் பிரதியை அனுப்பும், கல்யாணக் குழுவில் வந்த எல்லா வீடியோவையும் கேட்காமலே இறக்கும். மாடியில் இருக்கும் பெட்டி அளவு வைத்த இணைப்பு என்பது அதற்குத் தெரியாது. தெரியப்படுத்துவது நம் வேலை. ஆண்ட்ராய்டில் வீட்டு வைஃபையின் விவரப் பக்கத்தைத் திறந்தால் மீட்டர்டு என்று மாற்றும் இடம் இருக்கும். ஐபோனில் அதே இடத்தில் லோ டேட்டா மோட். விண்டோஸில் வைஃபையின் பண்புகளில் மீட்டர்டு கனெக்‌ஷன். மூன்றும் ஆளுக்கு ஒரு நிமிட வேலை. வீட்டில் உள்ள எல்லா போனிலும் ஒரே நாளில் செய்துவிடச் சொல்லுங்கள், இதற்குத் துப்பறியக்கூட வேண்டாம்.

எந்த ஆப் எவ்வளவு வைஃபை டேட்டா எடுத்தது என்று ஆண்ட்ராய்டில் டேட்டா பயன்பாட்டுப் பக்கத்தில் வைஃபைக்கு என்று தனியாகப் பட்டியல் இருக்கிறது. ஐபோன் சிம் டேட்டாவுக்கு மட்டும்தான் அப்படி ஆப் வாரியாகக் காட்டும். விண்டோஸில் கடைசி 30 நாள் கணக்கு இருக்கும், அதோடு டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற ஒன்றையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்புகளை உங்கள் கணினி இணையத்தில் முன்பின் தெரியாத மற்ற கணினிகளுக்கு அனுப்பிக் கொடுக்கும்படி அதில் அமைக்க முடியும். இணையத்தில் உள்ள கணினிகளுக்கும் என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். வீட்டில் யாராவது டோரண்டில் படம் இறக்குகிறார்களா என்பதையும் அப்படியே மெதுவாகக் கேட்டுவிடுங்கள், இறக்கி முடித்த பிறகும் அது மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வேகம் எவ்வளவு என்று அடிக்கடி சோதிக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு சோதனைக்கே நூறு எம்பிக்கு மேல் போகும். நீங்கள் போட்டிம் ஆப்பில் பேசும் வீடியோ அழைப்பில் இரண்டு பக்கமும் படம் போவதால் இரண்டும் கணக்கில் ஏறும், ஆனால் உம்மாவோடு பேசுவதைக் குறைக்க வேண்டாம், அதனால் 17 ஜிபி போகாது.

இப்போது பக்கத்து வீடு. வாய்ப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாட வந்த கூட்டாளிக்கு கியூஆர் காட்டிக் கொடுத்திருக்கலாம், ஆண்ட்ராய்டு போனில் பாஸ்வேர்ட் தெரியாமலே அப்படிப் பகிரலாம். பாம்பன், மண்டபம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் பையன்கள் கரையில் இருக்கும்போது, யார் வீட்டு வைஃபை எட்டுகிறதோ அந்தத் திண்ணையில் கூட்டம் சேர்வது உண்டு, வீட்டுக்காரர் மனதார விட்டதாகவே இருக்கும். ரவுட்டரில் இணைந்திருக்கும் சாமான்களின் பட்டியலை எடுத்து வீட்டில் உள்ளவற்றோடு எண்ணிப் பாருங்கள். டிவி, நான்கு கேமரா, உம்மா போன், மனைவி போன், டேப், இன்வெர்ட்டரில் வைஃபை இருந்தால் அதுவும். ஆனால் பட்டியலில் தெரியாத பெயர் ஒன்று இருந்தாலே திருடன் என்று முடிவு கட்டாதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குத் தம் உண்மையான முகவரியைக் காட்டாமல் வேறு ஒன்றைக் காட்டும், அதனால் ரவுட்டரில் பெயர் இல்லாத, கம்பெனி தெரியாத சாமானாக உங்கள் மனைவியின் போனே நிற்கலாம்.

இதற்குச் சண்டை இல்லாத வழி இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3, பாஸ்வேர்ட் குறைந்தது 12 எழுத்து, போன் நம்பரோ பிள்ளைகள் பெயரோ வேண்டாம், பாஸ்வேர்ட் இல்லாமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பட்டன் வசதியை அணைத்துவிடுங்கள். மாற்றிய உடனே எல்லாமே அறுந்துவிடும். முதல் நாள் போன்களை மட்டும் சேர்த்து ஒரு இரவு அளவு பாருங்கள். அடுத்த நாள் டிவி. அதற்கடுத்த நாள் கேமராக்கள், முடிந்தால் ஒவ்வொன்றாக. எதைச் சேர்த்த இரவில் எண் தாவுகிறதோ அதுதான் உங்கள் 17 ஜிபி. பக்கத்து வீடுதான் காரணம் என்றால் ஒன்றுமே சொல்லாமல் அது அன்றோடு நின்றுபோயிருக்கும், அவர்களுக்கும் முகம் வாடாது. அந்தப் பையனுக்குப் பரீட்சை நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் கெஸ்ட் வைஃபை ஒன்றைத் திறந்து, வேகத்தைக் குறைத்து, நீங்களே கூப்பிட்டுக் கொடுக்கலாம். கேமராக்கள் வயரில் பதிவுப் பெட்டியோடு இணைந்தவை என்றால் வைஃபை மாற்றினால் அறுபடாது, பெட்டியில் இருந்து ரவுட்டருக்குப் போகும் வயரைத்தான் கழற்ற வேண்டும். கழற்றினாலும் பதிவு நிற்காது, வெளியில் இருந்து பார்க்க மட்டும் முடியாது.

ஊரில் சொல்லும் வேறு இரண்டு காரணங்களையும் தள்ளிவிடலாம். சிக்னல் பலவீனமாக இருந்தால் டேட்டா அதிகம் செலவாகும் என்பார்கள். காற்றில் மாடிப் பெட்டி திரும்பியோ உப்பில் இணைப்புத் துருப்பிடித்தோ போனால் வேகம் குறையும், அறுந்து அறுந்து வரும், அதனால் தினம் 17 ஜிபி ஏறாது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடிக்கும் என்பது உண்மைதான், அதற்கும் வீட்டுக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

கம்பெனி கணக்கில் தப்பு என்பதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், கையில் எண் இல்லாமல் கூப்பிட்டால் 'நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்கள்' என்ற ஒரே பதில்தான் வரும். ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் ரவுட்டர் எண்ணையும் கம்பெனி ஆப் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வரவும் போக்கும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஒரு ஜிபியை 1000-ஆல் கணக்கிடுவதற்கும் 1024-ஆல் கணக்கிடுவதற்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும், அந்த அளவு விலகலுக்குப் புகார் வேண்டாம். அதையும் தாண்டி 20, 30 சதவீதம் விலகினால் கேட்க வேண்டியதுதான். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் ஒரு நாள் ரவுட்டரையும் மாடிப் பெட்டியையும் சேர்த்து அணைத்து வையுங்கள். தாமதமாக ஏறும் எண் அடங்கட்டும் என்று சில மணி நேரம் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு ஆப் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். அணைத்து வைத்த பெட்டியில் டேட்டா ஓடியதாகக் காட்டினால் அதற்கு அவர்களிடம் பதில் இருக்க முடியாது. வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தீர்வு திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போகலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு கம்பெனியும் இந்த இரண்டு படிகளையும் வைத்திருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது.

இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, எச்சரிக்கைச் செய்தி எந்த நம்பருக்கு வருகிறது என்றும் பாருங்கள். பாதி தீர்ந்தது, 90 சதவீதம் தீர்ந்தது என்று வரும் செய்திகள் இந்தியாவில் அணைந்து கிடக்கும் உங்கள் பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. மனைவியின் நம்பருக்கு மாற்றி வையுங்கள்.

எல்லாம் பார்த்து, உங்களுக்குக் கேமரா நாள் முழுக்கத் தெரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்றால் அதிலும் தப்பில்லை, திட்டத்தை மாற்றுவதுதான் சரி. தெருவுக்கு ஃபைபர் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள், ஃபைபர் திட்டங்களில் மாதம் 3300 ஜிபி என்ற அளவு பரவலாகக் கிடைக்கிறது. அதற்கு முன்னால் அந்த இரண்டு இரவின் எண்களையும் கேமரா பெட்டியின் மாடலையும் எழுதி அனுப்புங்கள், எந்த மெனுவில் எதை மாற்ற வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.